வெளிச்சவீட்டடியில் இடக்கைப் பக்கம்

கனடாவில் நாங்கள் இருந்த சென் ஜேம்ஸ் ரவுணில் பின்பக்கமாக நடக்கிற ஓர் அக்கா இருந்தார். அவருக்குப் பைத்தியம் ஒன்றும் இல்லை. ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கிய குடும்பம் ஒன்றை எதிரே நிறுத்தி, அவர்களின் முகத்தைப் பார்த்தபடி, முதுகுப் பக்கமாக ஒவ்வோர் அடியாக எடுத்து வைப்பார். முழங்கால் வரை தொங்கும் ஜக்கெற், யாரோ கொடுத்த ஆண்களின் சப்பாத்து, காதை மூடிய கம்பளித் தொப்பி. "எல்லாரும் வந்தாச்சோ? சரி, இதில ஒருக்கா நில்லுங்கோ" என்பார். உறைபனி மூடிய நடைபாதையிலும் அப்படித்தான். அவர் வழுக்கி விழுந்து நான் கண்டதில்லை. விழுந்ததெல்லாம் அவரைப் பார்த்துக்கொண்டு நேராக நடந்த நாங்கள்தான்.

எங்கள் மாடியில் எங்களுக்கு எதிர்க்கதவு அவருடையது. தொண்ணூறுகளின் நடுவில் நான் கல்யாணப் பெண்ணாக விமானத்தில் சொகுசாக வந்து இறங்கினேன். முதல் சனிக்கிழமையே என் கணவர் என்னை அவரிடம் ஒப்படைத்தார். "அக்காவோட ஒருக்காச் சுத்திப்போட்டு வாரும். வந்த எல்லாரும் போறவைதான்" என்றார். ஏதோ நேர்த்திக்கடன் போலச் சொன்னார். நானும் அரிசி எங்கே வாங்குவது, பஸ் எங்கே ஏறுவது என்று காட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

அக்கா கட்டடத்தின் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"இந்த இடம் முந்தி என்னவாய் இருந்தது, தெரியுமோ?"

எனக்கு எப்படித் தெரியும்? வந்து நான்கு நாள்.

"பெரிய பெரிய வீடுகள். வசதியான சனம் இருந்த வீடுகள். பிறகு அவை விட்டிட்டுப் போட்டினம். வீடெல்லாம் அறை அறையாய் வாடகைக்குப் போச்சு. பிறகு எல்லாத்தையும் இடிச்சுப்போட்டு உந்த மாடியளைக் கட்டினவங்கள். ஆருக்கு? கலியாணம் கட்டாத, நல்ல உத்தியோகம் பாக்கிற இளம் ஆக்களுக்கு. இப்ப ஆர் இருக்கிறம்?" என்று கேட்டு, என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். "வாங்கோ, அடுத்ததுக்குப் போவம்."

அடுத்தது கல்லறைத் தோட்டம். பார்லிமென்ற் வீதியில், வேலிக்கு வெளியே நின்று, இந்த நகரத்தின் பழைய ஆட்கள் படுத்திருக்கும் இடம் என்று காட்டினார். "புதுசா வந்த பிள்ளைக்குச் சவக்காலையை ஏன் அக்கா காட்டுறீங்கள்?" என்று கேட்டேன். "உவையும் ஒரு நாள் புதுசா வந்த ஆக்கள்தான், பிள்ளை" என்றார். அரிசிக் கடைக்கு வந்தபோது கால் விறைத்துவிட்டது. அந்தக் கடை முந்தி என்ன கடை என்பதையும் கேட்டுத்தான் உள்ளே போக முடிந்தது.

இதுதான் அவர். ஒரு கட்டடத்தைப் பார்த்தால், அது முந்தி என்னவாக இருந்தது என்று தெரியாமல் அவரால் தாண்டிப் போக முடியாது. நாயோடு உலாத்தும் வெள்ளைக்காரக் கிழவரிடம் கேட்பார். நூலகத்தில் கேட்பார். வேலைக்குப் போன இடத்தில், அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கும்போது காவலாளியிடம் கேட்பார். யாரும் பதில் சொல்லாமல் போனதை நான் பார்த்ததில்லை. ஒருவரிடம் அவருடைய கட்டடத்தைப் பற்றிக் கேட்டால் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லத் தொடங்குவார் என்பது அக்காவின் துணிபு.

பழக்கம் எங்கே ஒட்டியது என்று கேட்டால் "அக்ராவில" என்பார். ஆபிரிக்காவில் கானா நாட்டின் தலைநகர். கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று கூட்டிவந்த ஏஜென்சிக்காரன், அக்காவையும் வேறு சிலரையும் அங்கே ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, மழைக்காலம் போய் வெயில் வந்த பிறகும் அனுப்பவில்லை. "சுற்றுலாப் பயணியள் மாதிரி இருங்கோ, அப்பதான் ஒருத்தரும் சந்தேகப்படாயினம்" என்று சொல்லி, எல்லாருக்கும் ஒரே நிறத்தில் தொப்பியும், பிலிம் போடாத கமராவும் கொடுத்தானாம். ஆண்கள் தொப்பியைப் போட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே கடுதாசிச் சீட்டு விளையாடினார்கள். கமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே போனது அக்கா ஒருவர்தான்.

"சுற்றுலாப் பயணி எண்டா சுத்தத்தானே வேணும்?" என்பார்.

பழைய நகரத்தில், கடற்கரையோரம், வெளிநாட்டுக்காரரை நடத்திக் கூட்டிப்போய் வரலாறு சொல்லும் வழிகாட்டி ஒருவர் இருந்தார். உயரமான மனிதர். கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. கூட்டம் தவறாமலிருக்க அதை உயர்த்திப் பிடித்து, பின்பக்கமாக நடப்பாராம். அக்கா அந்தக் கூட்டத்தின் வாலில் போய் ஒட்டிக்கொண்டார். முதல் நாள் ஒரு கோட்டைக்கு முன்னால் நின்று, "இதைக் கட்டியவர்கள் ஒல்லாந்தர்" என்று வழிகாட்டி சொல்லியிருக்கிறார். அக்கா தன்னை மறந்து, "எங்கட ஊர்க் கோட்டையையும் உவங்கள்தான் கட்டினவங்கள்!" என்று கத்திவிட்டார். தமிழில்தான். வழிகாட்டி கூட்டத்தை நிறுத்தி, அவரை முன்னுக்குக் கூப்பிட்டு, சொன்னது என்னவென்று ஆங்கிலத்தில் கேட்டு, எல்லாருக்கும் திருப்பிச் சொன்னாராம். கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கோட்டை, அதே கைகள் கட்டியது, அங்கிருந்து வந்த பெண் இவர் என்று.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் போனார். அதே தெரு, அதே கதை. வழிகாட்டிக்குப் பல்வலி வந்த ஒரு நாள், ஒல்லாந்தர் கோட்டையையும் மீன் புகைபோடும் ஒழுங்கையையும் ஜேர்மன்காரருக்கு அக்காவே விளக்கினாராம். "என்ர இங்கிலீசைக் கேட்டு அவை இன்னும் குழம்பிப்போயிருப்பினம்" என்று சிரிப்பார். ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் சிரிக்கமாட்டார். அடிமைகளாகப் பிரேசிலுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழியில் வந்த சிலர், விடுதலை பெற்று, கப்பலேறித் திரும்பி வந்து கட்டிய வீடு அது. வந்தவர்களுக்கு அக்ராக்காரர் நிலம் கொடுத்திருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு முன்னால் வழிகாட்டி குடையைக் கீழே இறக்கிவிட்டு நிற்பாராம்.

ஒரு நாள், வாய் சும்மா இருக்காமல், "அக்கா, ஊரில உங்கட வீடு முந்தி எப்பிடி இருந்தது?" என்று கேட்டேன். எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்தில், சலவைப் பையோடு வந்துகொண்டிருந்தோம். அவர் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எல்லாரையும் போல முன்பக்கமாக நடந்தார். லிப்ட் வரைக்கும் அப்படியே போனார். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. பிறகு நான் அதைப் பற்றி எடுக்கவேயில்லை.

அவருடைய சுற்றுலாவில் ஒரேயொரு குறை இருந்தது. என் கணவர் வந்த புதிதில், நிலத்தடி ரயிலுக்குப் போகும் வழியை "சப்வே வலக்கைப் பக்கம்" என்று அக்கா அவருக்குக் காட்டியிருக்கிறார். மனுசன் முதல் நாள் வேலைக்குப் புறப்பட்டு, வாசலால் இறங்கி வலக்கைப் பக்கம் நடந்து, விடியற்காலை இருட்டில் சவக்காலை வாசலில் போய் நின்றார். திரும்பி வந்து சண்டை பிடித்திருக்கிறார்.

"நான் வலக்கைப் பக்கம் எண்டுதானே சொன்னனான்?"

"உங்கட வலக்கை அக்கா! நீங்கள் என்னைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். எனக்கு அது இடக்கை!"

கட்டடம் முழுக்க அது ஒரு பகிடி. யாராவது வேலைக்குப் பிந்திப் போனால், "என்ன, அக்கா வழி சொன்னவவோ?" என்று கேட்பார்கள். அக்காவும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் திருந்தவில்லை.

என் தம்பியும் அந்த வருஷம் ஊரிலிருந்து புறப்பட்டிருந்தான். எங்கே நிற்கிறான் என்று எங்களுக்குத் தெரியாது. நிற்கும் இடத்தின் பெயரை டெலிபோனில் சொல்லக்கூடாது என்பது ஏஜென்சிக்காரனின் கட்டளை. "ஒரு வெக்கையான இடம், அக்கா" என்று மட்டும் சொல்வான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்த நேரம், டெலிபோன் அடித்தது.

"அக்கா, ஏஜென்சிக்காரன் ஓடிட்டான். பாஸ்போட்டும் அவனிட்டத்தான். என்னோட இருந்த பெடியளை நேற்றுக் கடைக்குப் போன இடத்தில பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போட்டுது. நான் படுத்திருந்தபடியாத் தப்பினன். ஹோட்டல்காரன் பின்னேரத்துக்குள்ள வெளிக்கிடட்டாம், இல்லாட்டி பொலிசுக்குச் சொல்லுவானாம்."

பிடிபட்டால் கொழும்புக்கு ஏற்றுவார்கள். கொழும்பில் இறங்கும் அவன் வயதுத் தமிழ்ப் பெடியன்களை எங்கே கொண்டுபோவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

"எங்கையடா நிக்கிறாய்? இனியாவது சொல்லு!"

"அக்ரா எண்ட இடம்."

ரிசீவரைக் கணவரின் கையில் திணித்துவிட்டு ஓடிப்போய் எதிர்க்கதவில் அடித்தேன். அக்கா ஈரத் தலையில் துவாயோடு வந்தார். நான் சொல்லி முடிக்கவில்லை. வந்து ரிசீவரை வாங்கிவிட்டார். தம்பியின் கதை ஒன்றையும் அவர் கேட்கவில்லை.

"தம்பி, நீர் நிக்கிற இடத்தில இருந்து என்ன தெரியுது?"

வெளியே அழைப்பு எடுத்துக் கொடுக்கும் ஒரு கடையிலிருந்து அவன் பேசினான். கல்லால் கட்டிய பெரிய தேவாலயம் ஒன்று தெரிகிறது என்றான்.

"ஓம், ஓம்! இங்கிலீஷ்காரர் கட்டின கோயில். இனி நான் சொல்லுறதைக் கவனமாக் கேளும். அதுக்கு முன்னால ஓடுற பெரிய ரோட்டில, கடலை இடக்கைப் பக்கம் வைச்சுக்கொண்டு நடவும். ஓடக்கூடாது. ஓடுற ஆளைத்தான் பொலிஸ் நிப்பாட்டும். அண்ணாந்து கட்டடம் பாக்கிற ஆளை ஒருத்தரும் நிப்பாட்டாயினம். ஆரும் கிட்ட வந்தா, அவை கேக்க முதல் நீர் கேளும், இது முந்தி என்னவாய் இருந்ததெண்டு. இங்கிலீசில கேளும். அந்தாள் பிறகு உம்மைப் பாக்காது, கட்டடத்தைத்தான் பாக்கும்."

பிறகு வழியை நினைவுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. நின்ற நிலையில் அது அவருக்கு வரவில்லை. எங்கள் குசினி டெலிபோனுக்கு நீளமான வயர் ஒன்று போட்டிருந்தோம். அவர் கதவைத் திறந்து, வயரை இழுத்துக்கொண்டு, மாடியின் நடைவழியில் பின்பக்கமாக நடக்கத் தொடங்கினார். வாசலில் நின்ற எங்கள் இருவரையும் கூட்டமாக நினைத்திருக்க வேண்டும். துவாய் தோளில் விழுந்து கிடந்தது. "இது ஒல்லாந்தர் கோட்டை, இதில ஒருக்கா நிண்டு பாரும்… இனி மீன் புகைபோடுற மணம் வரும்… இப்ப முன்னால கப்பலுக்கு வெளிச்சம் காட்டுற, சிவப்பும் வெள்ளையுமான வெளிச்சவீடு தெரியும். அந்த வெளிச்சவீட்டடியில இடக்கைப் பக்கம் திரும்பும். கொஞ்சம் தள்ளிப் பச்சைக் கதவு. கறுப்புக் குடை வைச்சிருக்கிறவர் வீடெண்டால் குஞ்சு குருமனுக்கும் தெரியும். என்னைச் சொல்லும். ஒல்லாந்தர் கோட்டை அக்கா எண்டு சொல்லும். அவர் உம்மை வைச்சுப் பாப்பார்."

தம்பி இரண்டு தரம் திருப்பிச் சொன்னான். இடக்கைப் பக்கம், பச்சைக் கதவு. வைத்துவிட்டான்.

நான் தோசைக்கல்லை இறக்கினேன். கரிந்து போயிருந்தது. அக்கா இன்னும் நடைவழியின் நடுவில், எங்களைப் பார்த்தபடி, இடக்கையை நீட்டிக்கொண்டு நின்றார். என் கணவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகம் மாறியது.

"அக்கா, நீங்கள் சொன்ன இடக்கை ஆரின்ர இடக்கை? உங்கடையோ, தம்பியின்ரையோ?"

அக்கா தன் கையைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, தம்பி நடக்கும் திசைக்கு முகத்தைக் கொடுத்து நின்று பார்த்தார். நீட்டிய கை இப்போது எதிர்ச்சுவரைக் காட்டியது. அது அப்படியே விழுந்தது.

"வெளிச்சவீட்டடியில இடக்கைப் பக்கம் என்ன இருக்கு, அக்கா?" என்று கேட்டேன்.

"இங்கிலீஷ்காரரின்ர கோட்டை."

"அது இப்ப என்ன?"

நான் அவருடைய தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"மறியல்… சிறை" என்றார். "பிள்ளை, உன்ர தம்பியை நானே மறியலுக்குள்ள அனுப்பிப்போட்டன்."

கணவர் தம்பியிடம் முதலே கேட்டு எழுதிவைத்த அந்தக் கடையின் எண்ணுக்குத் திருப்பி எடுத்தார். பெடியன் போய்விட்டான் என்றார்கள். ஒரு சிறுவனை அனுப்பித் தேட முடியுமா என்று கேட்டார். எந்தப் பக்கம் போனானென்று தெரியாது என்றார்கள்.

அந்த நேரத்தை எப்படிக் கழித்தோம் என்று இப்போது கேட்டால் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. அக்கா எங்கள் குசினி நிலத்தில், குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்து சட்டையில் தண்ணீர் சொட்டியது. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. பூட்டிய சிறைக்கதவுக்கு முன்னால், கடவுச்சீட்டு இல்லாமல், அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும் என் தம்பியையே நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காவின் சொல்லைக் கேட்காமல் எங்காவது ஓடிப் போயிருக்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டேன். நல்லவேளை, அந்த நேர்த்தி பலிக்கவில்லை.

டெலிபோன் அடித்தபோது மூன்று பேரும் ஒன்றாகப் பாய்ந்தோம். கணவர்தான் எடுத்தார், எடுத்த கையோடு என்னிடம் தந்தார்.

"அக்கா, நான் வந்து சேந்திட்டன்" என்றான் தம்பி.

"எங்கையடா?"

"அந்தக் குடைக்காரர் வீட்டில. பக்கத்துக் கடைக்குக் கூட்டிவந்து கதைக்கச் சொன்னவர். முதல்ல இடக்கைப் பக்கம் திரும்பினன். பெரிய கதவு. பச்சை இல்லை. துவக்கோட ஒரு காவல்காரர் வெளியில வந்து என்னைப் பாத்தார். எனக்குக் காலும் ஓடேல்லை, கையும் ஓடேல்லை. அந்த அக்கா சொன்னது ஞாபகம் வந்துது. அவர் வாய் திறக்க முதல் நான் கேட்டன், ஐயா, இது முந்தி என்னவாய் இருந்ததெண்டு."

"பிறகு?"

"அவர் சிரிச்சார், அக்கா. 'நீ குடைக்காரரின்ர ஆள், என்ன?' எண்டு கேட்டார். இந்தக் கேள்வியை இந்த வாசலில வந்து அவரின்ர ஆக்கள் மட்டுந்தான் கேக்கிறவையாம். கூட்டத்தை விட்டிட்டு வழி தவறி வந்திட்டாய் எண்டு சொல்லி, ஒரு மர வாங்கில இருத்தித் தண்ணி தந்தவர். அந்தக் கோட்டையின்ர கதை முழுக்கச் சொன்னவர். நிப்பாட்டுறமாதிரி இல்லை. கடைசியில தானே ரோட்டைக் கடத்திக் கூட்டிக்கொண்டு வந்து பச்சைக் கதவில தட்டிப்போட்டுப் போறார்."

நான் ரிசீவரை அக்காவின் காதில் வைத்தேன். தம்பி அதையே மறுபடி அவருக்குச் சொன்னான். அக்கா கேட்டுக்கொண்டே வந்து, "அப்ப கதையைச் சரியாச் சொன்னவரோ? முதல்ல சின்ன வியாபாரக் கோட்டைதான், அதைச் சொன்னவரோ?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. என் கணவர் அந்தக் கரிந்த தோசைக்கல்லைக் கழுவப் போய், தண்ணீரைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றார். அப்படி நெஞ்சிலிருந்து பாரம் இறங்கிய ஒரு காலை எனக்குப் பிறகு வாய்த்ததில்லை.

தம்பி அந்தப் பச்சைக் கதவு வீட்டில் நெடுநாள் இருந்தான். அந்த மனிதர் அவனைத் தன் கூட்டத்தில் குடை பிடிக்க வைத்தார். இங்கே ஒரு தேவாலயத்துச் சபையார் பொறுப்பெடுத்துக் கையெழுத்து வைத்தார்கள். கள்ளப் பாதை எதுவும் இல்லாமல், சொந்தப் பெயரிலேயே அவன் கனடாவுக்கு ஏறினான்.

அந்த ஞாயிறுக்குப் பிறகு அக்கா பின்பக்கமாக நடக்கவில்லை. புதிதாக வருபவர்களைக் கூட்டிப்போவதை விடவில்லை. ஆனால் பக்கத்தில் பக்கத்தில், தோளோடு தோளாக, வாயைக் குறைத்துக்கொண்டு நடந்தார். கேட்டவர்களுக்குக் கழுத்து வலி என்றார். நாங்கள் இருவரும் அந்தக் கதையை வெளியே விடவில்லை. அவரைப் பார்க்க எனக்குத்தான் பொறுக்கவில்லை. சுற்றுலா அரைவாசி நேரத்தில் முடிந்து, எல்லாரும் நேராகச் சப்வேக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒருவருக்கும் அதில் சந்தோஷமில்லை.

தம்பி வந்த மறுநாள், அக்கா கட்டடத்தின் வாசலில் தொப்பியோடு காத்திருந்தார். அவனை முதன்முதல் பார்க்கிறார். தலையைத் தடவ எடுத்த கையை, உயரம் எட்டாமல், தோளில் வைத்தார். "தம்பி, என்னாலதான் நீர்…" என்று தொடங்கினார்.

"அக்கா, குடைக்காரர் உங்களுக்கு ஒரு சொல் சொல்லிவிட்டவர்" என்று தம்பி இடைமறித்தான். "நீங்கள் பின்பக்கமா நடக்கிறதில பிழையில்லையாம். ஆனா கையைச் சொல்லேக்க எப்பவும் வந்தவையின்ர கையைத்தான் சொல்லவேணுமாம். உதை முதல் நாளே சொல்லித் தந்தவராம். நீங்கள் கேக்கேல்லையாம், கோட்டையைப் பாத்துக் கத்திக்கொண்டு நிண்டனீங்களாம்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. கையுறையாலேயே துடைத்தார். பிறகு எங்கள் மூவரையும் பார்த்தபடி, பின்பக்கமாக ஓர் அடி வைத்தார். இன்னும் ஓர் அடி. நடைபாதையில் உறைபனி இருந்தது. அவர் கீழே பார்க்கவில்லை.

"எல்லாரும் வந்தாச்சோ?" என்று கேட்டு, தன் வலக்கையை உயர்த்தி, ஒரு கணம் அதை நிமிர்ந்து பார்த்தார்.

"சப்வே இடக்கைப் பக்கம், தம்பி. உம்மட இடக்கை."